பாப்பாவின் பேப்பர் கட்டிங்

பள்ளிச் சட்டையின் இடது கை மட்டும் குட்டையாகியிருந்தது.

மகளுக்குப் பொத்தான் போட்டுவிடும்போதுதான் பார்த்தாள். வலது கையின் பட்டை மணிக்கட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் மணிக்கட்டு எலும்பும், அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோலும் வெளியே தெரிந்தன. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். சுருங்கினால் இரண்டு கையும் சேர்ந்துதானே சுருங்கும் என்று அடுத்து நினைத்தாள். அதற்குள் தெருமுனையில் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

"வாலு, தோளை நேரா வச்சு நில்லு."

"நேராத்தான் நிக்கிறேன். சட்டைதான் கோணலா நிக்குது."

வாலு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அந்தப் பிள்ளை எட்டு வருடம் உழைத்துச் சம்பாதித்த பெயர். வகுப்பு ஆசிரியையே ஒருமுறை குறிப்பேட்டில் அப்படி எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருந்தார். வாயோரம் பற்பசை வெள்ளையோடு அது படியிறங்கி ஓடியது. பை தோளில் இருக்க, இடது கை மட்டும் படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே போனது. சுவரில் உயரத்தில் பதித்த அந்தக் கைப்பிடி எப்போதும் அதற்கு எட்டாது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிப்பது.

அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பேப்பர் அக்கா என்று பெயர். பழைய காகிதம் வாங்குவாள். ரயில் டிக்கெட்டு, மருந்துப் புட்டியில் ஒட்டிய லேபிள், கோடு போட்ட கணக்கு நோட்டு, தபால்தலை ஒட்டிய உறை, மூலை மடங்கிய வாழ்த்து அட்டை, எவர் வீட்டிலோ பரணில் கிடந்து மஞ்சளேறிப்போன எதுவும். அவற்றைப் பஞ்சால் துடைத்து, லேசான சூட்டில் இஸ்திரி போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்து, வெட்டி ஒட்டி, குறிப்பேடுகளாகவும் சட்டம் போட்ட படங்களாகவும் செய்து விற்பாள். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடையது. மீதிப் பாதியும் அவளுடையதாகிக்கொண்டிருக்கிறது என்பது வீட்டுக்காரரின் புகார். அவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்பவர், எட்டு மாதம் கடலில் இருந்துவிட்டு வந்தால் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரு விதி இருந்தது. வெட்டப்போகும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கூடாது. ஆரம்ப நாட்களில் ஒரு கடிதத்தைப் படித்துத் தொலைத்தாள். யாரோ ஒருவர் தன் மனைவிக்கு எழுதியது, பல்வலி எப்படி இருக்கிறது என்று ஒரே கடிதத்தில் மூன்று முறை கேட்டிருந்தார். அதை இன்றுவரை அவளால் வெட்ட முடியவில்லை, மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. படித்தால் கத்தரி ஓடாது. அதனால் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்வாள். நிறம், கறை, மையின் அடர்த்தி, விளிம்பின் பிசிறு, இவ்வளவுதான் கண்ணில் படும். எழுத்து அவளுக்கு வெறும் கோலம்.

அந்தக் கட்டு வந்தது மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால். பழைய பேப்பர் கடைக்காரர் தனியாக எடுத்து வைத்திருந்தார். யாரோ துணி தைக்கிற அம்மா இறந்துபோய், வீட்டைக் காலி செய்ததில் கிடைத்தது என்றார். எல்லாம் பழுப்புத் தாளில் வெட்டிய பேப்பர் கட்டிங். சட்டையின் முன்பக்கம், முதுகு, கழுத்துப்பட்டை, கை. துணிமேல் வைத்து வெட்டுவதற்காகத் தையல்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. தாள் துணியைப் போலவே மெத்தென்று ஆகியிருந்தது. ஓரங்களில் புள்ளிச் சக்கரம் ஓட்டிய தடம், குண்டூசித் துளைகள், நீலச் சாக்குக்கட்டிக் கோடு, ஆங்காங்கே பென்சிலில் ஏதோ எழுத்து. முகர்ந்தால் மெஷின் எண்ணெயும் பழைய துணியும் கலந்த வாசம். எல்லாமே குழந்தை அளவு. அவளுக்குக் கை பரபரத்தது.

பிறந்தநாள் பரிசு அப்போதே மனதில் உருவாகிவிட்டது. ஒரு ப்ளைவுட் பலகையில் வாலுவைப் படுக்கவைத்து, கையை விரித்துவைத்து, உடம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தாள். இடுப்புப் பக்கம் வந்தபோது கூச்சத்தில் அது துள்ளியதில் அங்கே கோடு கொஞ்சம் வளைந்தது. அந்த உருவத்துக்குள் பேப்பர் கட்டிங்குகளை ஒட்டினாள். தோள் இருக்கும் இடத்தில் தோள், முதுகின் இடத்தில் முதுகு. ஆச்சரியமாக எல்லாம் பொருந்தின. இடது கைத்துண்டு மட்டும் நீளம். கட்டுக்குள் பல மடிப்பாக இருந்த துண்டு அது. பழந்தாளை வீணாக வெட்ட மனம் வராமல், மணிக்கட்டுக்குக் கீழே மிஞ்சியதை விசிறி மடிப்பாக உள்பக்கம் மடித்து, பசை தடவி, அதன்மேல் விரல்களுக்கு வேறு தாள் ஒட்டி மறைத்துவிட்டாள். தபால்தலைகளால் ஓரம் கட்டி, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, மகளின் அறையில் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள்.

"அம்மா, அது நானா?"

"நீயேதான்."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் போகலைன்னா அதை அனுப்பிக்கலாம்."

போனில் படத்தைப் பார்த்த வீட்டுக்காரர், "நல்லவேளை, பொண்ணைப் பலகையில ஒட்டாம விட்டியே" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அதெல்லாம் நடந்து இரண்டு வாரமாகியிருந்தது. சட்டைக் கை குட்டையான அன்று மதியம், வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். மேசையில் ஒரு உறையிலிருந்து தபால்தலையை நனைத்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மகளின் அறைக்குள்ளிருந்து, வெகு மெதுவாக, நீண்டநாள் மடிந்து கிடந்த தாள் தன் மடிப்பிலிருந்து விடுபடும்போது எழும் அந்தச் சிறிய வறட்டுச் சத்தம். காகிதத்தோடு பழகியவளுக்கு அது நன்றாகத் தெரியும். அலமாரியில் புதிதாக வாங்கிய கட்டுகளை அவிழ்த்து வைத்தால் இரவு முழுக்க அப்படித்தான் முனகிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் அந்த அறையில் கட்டு எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

உள்ளே போனாள். ஜன்னல் திரை வழியாக வெயில் மங்கலாக இறங்கியிருந்தது, கட்டிலில் போர்வை கலைந்தபடி கிடந்தது, அறை முழுக்க மெஷின் எண்ணெய் வாசம் லேசாக மிதந்தது. பலகையில் மகளின் உருவம் கைவிரித்து நின்றது. இடது மணிக்கட்டில் வார்னிஷ் விரிசல் விட்டு, தாள் கொஞ்சம் உப்பியிருந்தது. பசை சரியாகப் பிடிக்கவில்லை, உள்ளே காற்று நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் இளஞ்சூடாக இருந்தது. வெயில் படாத சுவர் அது.

சாயங்காலம் வாலு வந்ததும் டேப்பை எடுத்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை வலது கை பதினாறு இஞ்ச். இடது கை பதினெட்டு. மறுபடி அளந்தாள். பதினெட்டு.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. ஆனா எட்டுது."

"என்ன எட்டுது?"

"எல்லாம்" என்று சொல்லிவிட்டு அது விளையாடப் போய்விட்டது.

டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். வளர்கிற வயதில் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பின்னாலேயே வந்து பிடித்துக்கொள்ளும், ஒரு மாதம் கழித்துக் கூட்டிவாருங்கள் என்றார். கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அளந்தாள். பத்தொன்பதரை.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. காலையில் வேன் போனதும் நேரே பலகையிடம் போனாள். மணிக்கட்டில் ஒட்டியிருந்த விரல்கள் பென்சில் கோட்டைத் தாண்டி வெளியே நகர்ந்திருந்தன. அவற்றுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, அவள் உள்ளே மடித்து மறைத்த பழுப்புத் தாள், ஒரு மடிப்பு அவிழ்ந்து, வெளியே வந்திருந்தது. கோட்டுக்கு வெளியே இருந்த தூரத்தை அளந்தாள். மூன்றரை இஞ்ச். பதினாறும் மூன்றரையும். பத்தொன்பதரை.

மிச்சத் தாள்கள் மேசைக்கு அடியில் இருந்தன. எடுத்து, முதன்முறையாக, நேராகத் திருப்பிப் படித்தாள். நிதானமான, கொஞ்சமும் அவசரப்படாத பென்சில் எழுத்து.

*பாப்பா. 8 வயசு. கை இரண்டும் 16.*

அடுத்தது. *பாப்பா. 8 வயசு. வலது 16. இடது 18. இனி வெளியே அனுப்புவதில்லை.*

ஒவ்வொன்றிலும் மூலையில் வருடம் போட்டிருந்தது. வருடங்கள் ஏறிக்கொண்டே போயின. வயது ஏறவில்லை. *8 வயசு. இடது 23. தூங்கும்போது மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். 8 வயசு. இடது 31. அழுவதை நிறுத்திவிட்டாள். 8 வயசு. இடது 52. பழகிவிட்டது.* கடைசித் தாளில் அளவே இல்லை. *டேப் போதவில்லை* என்று மட்டும் இருந்தது. அதன் பின்புறம், வேறு பென்சிலில், தாளை அழுத்திக் கிழிக்கிற மாதிரி ஒரு வரி: *எலி கடிக்காமல், ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும்.*

பலகையில் ஒட்டிய கையில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதைத்தான் கவிழ்த்து ஒட்டியிருந்தாள். எழுத்தின்மேல் பசை தடவியிருந்தாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அந்தத் தையல்காரம்மா வீட்டுல குழந்தை யாராவது இருந்துச்சாங்க?"

"குழந்தையா? இல்லம்மா. அந்தம்மா ஒத்தையாத்தான் இருந்துச்சாம். இருபது முப்பது வருஷமா யாரும் உள்ள போனதில்லன்னு பக்கத்துல சொன்னாங்க. ஏம்மா, தாள் சரியில்லையா?"

"தாள் நல்லா இருக்கு. வீட்டுல வேற ஏதாவது..."

"பாத்திரம் பண்டம் இருந்துச்சு. ஒரு மெஷின் இருந்துச்சு." அவர் தொண்டையைச் செருமினார். "உள்ரூம்ல கொடியில ஒரு சின்னச் சட்டை காஞ்சுக்கிட்டிருந்துச்சும்மா. சின்னப்புள்ள சட்டை. அதுல ஒரு கை மட்டும் தரையில இறங்கி, கதவு வரைக்கும் கிடந்துச்சு. நான் கிழிஞ்ச திரைன்னு நினைச்சு மிதிச்சுட்டேன்."

"காய்ஞ்சுக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமா."

"அந்தம்மா போய் எத்தனை நாள் கழிச்சு நீங்க போனீங்க?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே நாட்களை எண்ணினார். "நாப்பது அம்பது நாள் இருக்கும்" என்றார். "சட்டை ஈரமாத்தான் இருந்துச்சு."

மறுநாள் வாலுவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள். கூடத்துச் சோபாவில் அதைப் படம் பார்க்க உட்காரவைத்துவிட்டு, பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரவோடு இரவாக இன்னொரு மடிப்பு அவிழ்ந்திருந்தது. தாள்விரல்கள் இப்போது பலகையின் விளிம்பைத் தாண்டிச் சுவர்மேல் கிடந்தன. மிஞ்சியதை வெட்டிவிட்டால் கோட்டுக்குள் அடங்கிவிடும். ஆயிரம் தாள்களை வெட்டியவள். ஒரு தாள். ஒரே ஒரு வெட்டு. இரண்டு அலகுக்கும் நடுவே பழுப்புத் தாளை நுழைத்தாள்.

"அம்மா." கூடத்திலிருந்து வாலுவின் குரல். "கையில சில்லுன்னு ஏதோ படுது."

அவள் அசையவில்லை.

"ரெண்டு பக்கமும் படுது."

கத்தரியை வெளியே இழுத்தாள். இழுக்கும்போது அலகின் நுனி தாளின் ஓரத்தை லேசாகக் கீறிவிட்டது. முடி அளவு கிழிசல். கூடத்தில் வாலு வீரிட்டது.

ஓடினாள். முழங்கைக்குக் கீழே, அரிசி நீளத்துக்கு ஒரு கீறல், அதிலிருந்து ரத்தம் விரல்வழியே வழிந்து சோபா உறையில் சொட்டியது. துணியால் அழுத்திப் பிடித்தாள், ஊதினாள், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று நூறு முறை சொன்னாள். ரத்தம் நிற்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அது தெரிந்ததுதான் பயங்கரமாக இருந்தது. அறைக்குத் திரும்பி ஓடி, மெல்லிய வெள்ளைத் தாளில் சின்னதாக ஒரு துண்டு கிழித்து, தூரிகையில் பசை தொட்டு, கிழிசலின் பின்புறம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். அவள் கை அதுவரை அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியதில்லை.

"வலிக்கலைம்மா இப்ப" என்று கூடத்திலிருந்து வாலு சொன்னது.

அதற்குப் பிறகு அந்தப் பலகையைத் தூக்கி எறிவது பற்றி அவள் நினைக்கவில்லை. மூலைகளில் பூச்சி உருண்டை போட்டாள். கூரையில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறித் தடவிப் பார்த்தாள். அறைக்குள் தண்ணீர்க் குவளை எடுத்துப்போவதை நிறுத்தினாள். ஜன்னலோரம் வந்த ஒரு பல்லியைத் துரத்திக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். நகலைப் பத்திரமாக வைத்தால் பிள்ளை பத்திரம். அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு நாட்களைத் தள்ளினாள், ஆனால் மதியங்களில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. எத்தனை மடிப்பு வைத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். எண்ணவில்லை. அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தாள்.

வாலு அறையை விட்டு வருவது குறைந்தது. முதலில் கையை மார்போடு கட்டிக்கொண்டு நடந்தது, பிறகு தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டது, பிறகு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றது. அவளே ஜன்னல் திரையைத் தைத்து மூடி, அறை வாசலிலும் ஒரு திரை தொங்கவிட்டாள். சாப்பாட்டைக் கொண்டுபோனால் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும். பேச்சு அதே பேச்சு, குறும்பு அதே குறும்பு. ஒருநாள் சமையலறையில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது யாரோ பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினாள். யாரும் இல்லை. உள்ளறையில் வாலு கிளுகிளுவென்று சிரித்தது.

வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். பட்டப்பகல். போன் ஸ்பீக்கரில் போட்டபடி மேசைமேல் இருந்தது.

"வாலு எங்க? ஒரு வாரமா குரலையே காணோம். வீடியோல வரச் சொல்லு."

"தூங்குதுங்க."

"மணி பன்னெண்டு ஆகுது, என்ன தூக்கம்? உடம்பு சரியில்லையா?"

"லேசா காய்ச்சல்."

"என்கிட்ட எதையாவது மறைக்கிறியா நீ?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீங்க வாங்க, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அழத்தான் நினைத்தாள். அப்போது உள்ளறைத் திரையின் அடியில் ஏதோ நகர்ந்தது. தரையோடு. பிறகு மேசைக்காலில். மேசைவிளிம்பில் ஐந்து சின்ன விரல்கள் முளைத்தன. தடவின. கத்தரியைத் தொட்டு ஒதுங்கின. போனைத் தொட்டன. பிடித்தன.

போன் மேசையை விட்டு இறங்கிப் போனது. தரை. வாசற்படி. திரைக்குப் பின்னால்.

"அப்பா" என்றது வாலு, உள்ளே, சந்தோஷமாக. "எனக்கு இப்ப எல்லாம் எட்டுதுப்பா."

அவர் சிரிப்பது கேட்டது.

இரண்டு நாள் கழித்து வாலு குளிர்கிறது என்று சொன்னது. அந்தக் கைக்குப் போட எதுவும் இல்லை. போர்வையால் சுற்றிப் பார்த்தாள், நழுவியது. துண்டுகளை முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், முடிச்சு தோலில் உறுத்தியது. தடவிப் பார்த்தபோது முழங்கையிலிருந்து விரல்வரை சில்லென்று இருந்தது. அத்தனையும் சில்லென்று இருந்தது. அதை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றினாள். ஒரு இடத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் முந்தின இடம் ஆறிப்போனது.

"அம்மா, எனக்குச் சட்டை வேணும்."

"தச்சுத் தரேன் கண்ணு."

அந்தத் தையல்காரம்மாவை இத்தனை நாளும் அவள் பயந்து வெறுத்திருந்தாள். அன்றைக்கு அந்த வெறுப்பு போய்விட்டது. வருடா வருடம் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள், வேறென்ன செய்வாள், பிள்ளைக்குக் குளிருமே.

மதிய வெயில் கூடத்தில் நன்றாக விழுந்திருந்தது. மேசையை ஓரமாகத் தள்ளினாள். பழுப்புத் தாளை ஒன்றோடொன்று ஒட்டி, தரையில் உருட்டிவிட்டாள், சமையலறை வாசலில் ஆரம்பித்து உள்ளறைத் திரைவரை வந்தது. மூலையில் வருடத்தை எழுதினாள். *வாலு. 8 வயசு* என்று எழுதினாள், எழுத்து நிதானமாக, கொஞ்சமும் அவசரப்படாமல் வந்தது. முட்டிபோட்டு, அளவுகோலை வைத்து, முதல் கோட்டை இழுத்தாள்.

தாள் ஒத்துழைக்கவில்லை. அந்தக் கோடியில் இரண்டு மூலையும் சுருண்டு சுருண்டு எழுந்து அவளை நோக்கி வந்தன. எழுந்துபோய் நீவிவிட்டு வந்தாள். மறுபடி சுருண்டது. கனமாக எதையாவது வைக்கலாம் என்று சுற்றிப் பார்த்தாள்.

திரை அசைந்தது.

சுருண்ட வலது மூலையின்மேல் ஒரு கை வந்தது. சின்னக் கை. முழங்கைக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு. அது மெதுவாகத் தாளை நீவி, தட்டையாக்கி, அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"வரைம்மா" என்றது வாலு உள்ளே. "நான் பிடிச்சுக்கிறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சமத்து" என்று சொல்லி, குனிந்து, பென்சிலை வைத்தாள்.

இடது மூலையும் இறங்கியது. தட்டையாக. அசையாமல்.

பென்சில் நின்றது. மெஷின் எண்ணெய் வாசம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மூலையில் இருந்த கையும் சின்னதுதான். தோல் பழுப்பாக, மெத்தென்று, ஓரங்களில் பிசிறடித்து. மணிக்கட்டைச் சுற்றிக் குண்டூசித் துளைகள். அதுவும் திரைக்கு அடியிலிருந்துதான் வந்திருந்தது.

இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்தாள். இரண்டும் ஒரே பக்கம் இருந்தன. இரண்டுமே இடது கைகள்.